வேலை போனதை ஆங்கிலத்தில் சொல்லும்போது

'வேலை போய்விட்டது' என்று தமிழில் ஒருவர் சொன்னால் நமக்குப் பாதிச் செய்திதான் கிடைக்கிறது. அனுப்பியது யார், எதற்காக அனுப்பினார்கள், தவறு யாருடையது என்பவை அடுத்தடுத்துக் கேட்ட பிறகே தெரியவரும். ஆங்கிலத்தில் வேலையிழப்பைக் குறிக்கும் சொற்களில் பெரும்பாலானவை காரணத்தையும் பொறுப்பையும் தம்முடனேயே சுமந்து வருகின்றன. இந்தச் சொற்களின் பொருளை மட்டும் மனப்பாடம் செய்துவிட்டு, பழி யார்மேல் விழுகிறது என்பதைக் கவனிக்காமல் விடுவது எனக்கு மிகுந்த கவலை தருகிறது. ஏனெனில் நேர்முகத் தேர்வில் தவறாகத் தேர்ந்த ஒரு சொல், செய்யாத குற்றத்தை நாமே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும்.

'ஃபயர்' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். பணியிலிருந்து விடுவிப்பதற்கும் துப்பாக்கியைச் சுடுவதற்கும் ஆங்கிலத்தில் 'டிஸ்சார்ஜ்' என்ற ஒரே சொல் வழங்கியது. அந்த இரட்டைப் பொருளை வைத்து, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்கப் பேச்சுவழக்கில் 'ஃபயர்' என்பது வேலைநீக்கத்தைக் குறிக்கத் தொடங்கியது. 'ஐ வாஸ் ஃபயர்டு' என்று ஒருவர் சொன்னால், அவருடைய நடத்தையோ திறமைக்குறைவோ காரணம் என்றே பெரும்பாலும் கேட்பவர் புரிந்துகொள்வார். பிரிட்டனில் இதே இடத்தில், பை என்று பொருள்படும் 'சாக்' என்பது வழங்குகிறது. கைத்தொழிலாளி தன் கருவிகளை ஒரு பையில் போட்டுக்கொண்டு வேலைக்கு வருவார் என்றும், அந்தப் பையை முதலாளி அவர் கையில் கொடுத்துவிட்டால் வேலை முடிந்ததாகப் பொருள் என்றும் இதற்கு விளக்கம் சொல்வார்கள். பிரெஞ்சு மொழியிலும் 'அவனுடைய பையை அவனிடம் கொடுத்துவிட்டார்கள்' என்ற வழக்கு இருந்ததை 1611இல் வெளிவந்த பிரெஞ்சு–ஆங்கில அகராதி பதிவு செய்திருக்கிறது. நம் 'சீட்டைக் கிழித்துவிட்டார்கள்' என்ற பேச்சு வழக்குக்கு மிக நெருக்கமானது இந்தச் 'சாக்'தான். நண்பர்களிடம் பேசும்போது இதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். விண்ணப்பக் கடிதத்தில் இதற்கு இடமில்லை.

'லே ஆஃப்' முற்றிலும் வேறு. நிறுவனத்தில் வேலை குறைந்ததாலோ பணம் இல்லாததாலோ ஆட்களைக் குறைப்பதை அது குறிக்கிறது. ஊழியர்மீது எந்தக் குறையும் சுமத்தப்படுவதில்லை. முற்காலத்தில், வேலை இல்லாத நாட்களில் தொழிலாளரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, வேலை வந்ததும் மறுபடி அழைத்துக்கொள்வதே இதன் பொருள். இப்போது திரும்ப அழைக்கும் எண்ணமே இல்லாத ஆட்குறைப்புக்கும் இதையே சொல்கிறார்கள். தற்காலிகமாக நிறுத்திவைப்பதைத் தெளிவாகச் சொல்ல 'ஃபர்லோ' என்ற தனிச்சொல் உண்டு. ஒரு காலத்தில் படைவீரரின் விடுப்பைக் குறித்த அச்சொல், 2020இல் பெருந்தொற்றின்போது பிரிட்டன் அரசு வேலைக்கு வராத ஊழியரின் ஊதியத்தில் 80 விழுக்காட்டை, மாதம் 2,500 பவுண்டு என்ற உச்சவரம்புக்கு உட்பட்டு, ஏற்றுக்கொண்டபோது வீட்டுக்கு வீடு பேசப்படும் சொல்லாயிற்று.

பிரிட்டனின் 'ரிடண்டன்ட்' என்ற சொல்லைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். அகராதியில் இதற்குத் 'தேவைக்கு மிஞ்சியது' என்று பொருள் இருப்பதால், 'மேட் ரிடண்டன்ட்' என்று கேட்டதும் அந்த மனிதரே தேவையற்றவர் என்று சொல்லிவிட்டதாகப் பலர் மனம் புண்படுகிறார்கள். சட்டத்தின் பார்வையில் மிஞ்சிப்போனது அவர் வகித்த பணியிடம். அவரைக் குறித்து அந்தச் சொல் எதுவும் கூறுவதில்லை. 1965ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று, போதிய காலம் பணியாற்றிய ஊழியருக்கு இவ்வாறு வேலை போகும்போது இழப்பீடு பெறும் உரிமையை அங்கே உறுதி செய்தது. ஆகவே ஒழுங்கு நடவடிக்கையால் நீக்கப்பட்டவருக்குக் கிடைக்காத தொகை, 'ரிடண்டன்ட்' ஆனவருக்குக் கிடைக்கலாம். இவ்வளவு பணமும் மரியாதையும் அடங்கிய ஒரு சொல்லை விட்டுவிட்டு, ஆட்குறைப்பில் வேலை இழந்த ஒருவர் தன்னை 'ஃபயர்டு' என்றோ 'டெர்மினேட்டட்' என்றோ சொல்லிக்கொள்வது பெரிய அநியாயம். ஒப்பந்தக் காலம் முடிந்து வெளியேறியவர்களும் இப்படித்தான் சொல்லிக்கொள்கிறார்கள். ஒப்பந்தம் முடிந்தது என்று சொன்னாலே போதுமானது.

இத்தனைக்கும் நடுவில் 'லெட் கோ' என்ற மென்மையான வழக்கும் உண்டு. நிர்வாகிகள் இதை விரும்புவதற்குக் காரணம், நீக்கமா ஆட்குறைப்பா என்பதை அது சொல்லாமல் மறைத்துவிடுவதுதான். போக விரும்பியவரைப் போகவிட்டதுபோல அது ஒலிப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

தானாக விலகுவதற்கு 'ரிசைன்' முறையான சொல். 'குவிட்' பேச்சுக்கு உரியது, அதில் கொஞ்சம் கோபமும் தொனிக்கக்கூடும். வேலை முடியப்போவதை முன்கூட்டியே அறிவிக்கும் 'கிவ் நோட்டீஸ்' என்பதை ஊழியர், முதலாளி என இரு தரப்பும் சொல்லலாம் என்பதால், வாக்கியத்தில் யார் யாருக்குக் கொடுத்தார் என்று தெளிவாக எழுத வேண்டும். 'வேலை' என்ற நம் ஒரே சொல் ஆங்கிலத்தில் 'ஜாப்', 'ஒர்க்' என இரண்டாகப் பிரிவதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எண்ணக்கூடியதும் இழக்கக்கூடியதுமான பதவி 'ஜாப்'. செய்யும் உழைப்பு 'ஒர்க்'. 'ஐ லாஸ்ட் மை ஒர்க்' என்றால் கணினியில் எழுதிவைத்தது அழிந்துபோயிற்று என்றே கேட்பவர் நினைப்பார்.

தொழிலாளர் தாமாகவே வேலையை நிறுத்துவதைக் குறிக்கும் 'ஸ்ட்ரைக்' கடலிலிருந்து வந்தது. 1768இல் லண்டன் துறைமுகத்து மாலுமிகள் ஊதியக் கோரிக்கைக்காகக் கப்பல்களின் பாய்களை இறக்கிவைத்து, அவை புறப்பட முடியாதபடி செய்தார்கள். பாயை இறக்குவதற்கு அவர்கள் பயன்படுத்திய வினைச்சொல்தான் 'ஸ்ட்ரைக்'. முதலாளி வாயிலை அடைத்தால் அது 'லாக் அவுட்', நம் கதவடைப்பு. விதிகளில் உள்ளதை மட்டும் எழுத்துப் பிசகாமல் செய்து உற்பத்தியைத் தாமதப்படுத்துவது 'ஒர்க் டு ரூல்'. வேலைநிறுத்தத்தின்போது உள்ளே சென்று வேலை செய்பவரைப் பிரிட்டிஷ் தொழிலாளர்கள் 'பிளாக்லெக்' என்றார்கள். நம் தொழிற்சங்க மேடைகளில் முழங்கும் 'கருங்காலி'யிலும் அதே கறுத்த கால் இருக்கிறது. 'ஸ்கேப்' என்பது இன்னும் கடுமையான வசை. புண்ணின் மேல் படியும் பொருக்குக்கும் அதுதான் பெயர். செய்தியாளர் நடுநிலையாக எழுத முயலும்போது 'ஸ்ட்ரைக்பிரேக்கர்' என்கிறார், ஆனால் அதிலும் போராட்டத்தை உடைப்பவர் என்ற குற்றச்சாட்டு தங்கியிருக்கிறது. அதே மனிதரை நிர்வாகம் தன் அறிக்கையில் 'ரீப்ளேஸ்மென்ட் ஒர்க்கர்', அதாவது மாற்றுத் தொழிலாளி, என்று குறிப்பிடுகிறது.