டீச்சிங் ஃபிலாசஃபி வைவா: முதலில் கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள்

நர்சிங் கற்பித்தல் தேர்வின் முடிவு வந்துவிட்டது, தேறிவிட்டேன். மனசு லேசாக இருக்கும்போதே எழுதிவிடுகிறேன். அடுத்த பேட்ச் வார்டுக்கு வந்துவிட்டால் உட்காரவே நேரம் இருக்காது. லெசன் பிளான், கேள்வித்தாள் அமைப்பெல்லாம் உங்களுக்கே தெரியும். நர்சிங் மாணவிகளுக்கு வார்டில் எப்படிக் கற்பிப்பேன் என்று எழுதித் தரும் ஃபிலாசஃபியும், அதை வைத்துத் துருவும் வைவாவும் (வாய்மொழித் தேர்வு)தான் இங்கே பேச்சு.

நான் படித்துப் பார்த்தவை பெரும்பாலும் "மாணவரை மையமாகக் கொண்ட கற்பித்தலை நம்புகிறேன்" என்றே தொடங்குகின்றன. "சரி, நாளைக் காலை டியூட்டியில் இது எப்படித் தெரியும்?" என்று தேர்வாளர் கேட்டால் வாயடைத்துப்போகும். நீங்கள் எழுதும் ஒவ்வொரு வரிக்கும் ஒரு நோயாளியும் ஒரு மாணவியும் மனதில் வரட்டும். வராத வரியை அடித்துவிடுங்கள்.

என் ஃபிலாசஃபி முழுக்க ஒரே விஷயத்தில் நின்றது: நோயாளிக்கு ஆபத்து இல்லாதவரை மாணவியின் கைக்கு முன்னால் என் கை போகாது, என் வாயும் போகாது. நமக்கு வேலை பழகிவிட்டது. அவள் தடுமாறினால் கை தானாக நீளும். வாங்கிச் செய்துவிட்டால் டிரெஸ்ஸிங் முடிந்துவிடும், அவளுக்கு ஒன்றும் வந்திருக்காது. அதனால் நிஜமாகவே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறேன்.

கேள்வி கேட்பதிலும் இதேதான். கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் வகுப்பறைகளைக் கவனித்து எழுதினார்: ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டு ஏறத்தாழ ஒரு விநாடிதான் பொறுக்கிறார்கள், அதை 3 விநாடிக்கு நீட்டினால் பதில்கள் நீளமாகின்றன, வாய் திறக்காதவர்களும் பேசுகிறார்கள். வார்டில் நோயாளி பார்த்துக்கொண்டிருப்பார், இன்சார்ஜ் சிஸ்டருக்கு அவசரம். அங்கே 3 விநாடி ரொம்பவே நீளம். நான் மனசுக்குள் எண்ணுவேன். சுபாவத்திலேயே அதிகம் பேசாதவள் என்பதால் எனக்கு இது எளிது; பேசிப் பழகியவர்கள் முன்கூட்டியே பயிற்சி எடுங்கள்.

வைவாவில் நான் சொன்ன சம்பவம் இது. அறுவைச் சிகிச்சை முடிந்து வந்தவர். மாணவி பிபி பார்த்தாள், அளவு சரியாக இருந்தது. ஆனாலும் அங்கிருந்து நகரவில்லை. "என்னம்மா பார்க்கிறே?" என்று கேட்டு நிறுத்திக்கொண்டேன். அவர் முகத்து வியர்வையை நானும் பார்த்துவிட்டேன். சில விநாடி பொறுக்கலாம் என்றும் தெரியும். "வேர்க்குது மேடம். கை ஜில்லுனு இருக்கு."

"அப்போ வேறென்ன பார்க்கணும்?"

பல்ஸ் எண்ணினாள். வார்டுக்கு வந்தபோது இருந்ததைவிட நன்றாக ஏறியிருந்தது. உள்ளே ரத்தம் கசியும்போது உடல் முதலில் நாடியைக் கூட்டி, தோலின் ரத்தக்குழாய்களைச் சுருக்கி, பிபியைத் தாங்கிப் பிடிக்கும். பிபி இறங்குவது பிறகுதான். இதை வகுப்பில் படித்திருந்தாள், அன்று தன் விரலாலேயே தொட்டுத் தெரிந்துகொண்டாள். உடனே டாக்டருக்கு நிலைமை, பின்னணி, மதிப்பீடு, பரிந்துரை என்று எஸ்பார் வரிசையில் அவளே சொன்னாள். நான் பக்கத்தில் நின்றேன்.

இதைச் சொல்லி முடித்த பிறகே, நர்ஸ் எப்படிச் சிந்தித்து முடிவெடுக்கிறார் என்று காட்டும் கிறிஸ்டின் டானரின் 2006ஆம் ஆண்டு மாதிரியைத் தொட்டேன்: கவனித்தல், பொருள்கொள்ளுதல், செயல்படுதல், திரும்பிப் பார்த்தல். கோட்பாடு எப்போதும் நோயாளிக்குப் பின்னால் வரட்டும்.

அடுத்த கேள்வி பாதுகாப்பைப் பற்றித்தான் வரும். எப்போது தலையிடுவேன் என்று தயாராக வைத்திருங்கள். என்னுடையவை:

- மருந்து, அளவு, ஆள், வழி, நேரம் எதிலாவது சந்தேகம்
- ஸ்டெரைல் (கிருமியற்ற நிலை) உடைந்தால்
- நோயாளி வேண்டாம் என்றால், அல்லது முகம் சுளித்தால்
- நிலைமை மாறத் தொடங்கினால்

"கொஞ்சம் நில்லும்மா" என்பதுதான் என் அடையாளச் சொல். காலை பிரீ-கான்ஃபரன்ஸிலேயே, அதாவது வேலை தொடங்கும் முன் மாணவிகளோடு கூடிப் பேசும்போதே, சொல்லிவிடுவேன். கேட்டதும் கையை எடுத்துவிட வேண்டும். நோயாளி முன்னால் திட்டு கிடையாது. திட்டு வாங்கிய மாணவி அடுத்த முறை தெரியாததை மறைப்பாள், மறைத்தால் அது நோயாளியின் உடம்பில்தான் போய் விழும். இந்த இடத்தில் என் குரல் உயர்ந்துவிட்டது, தேர்வாளர் தலையசைத்தார்.

செய்முறையைக் கற்பிக்கப் பெய்டன் சொன்ன நான்கு படிகளில் மூன்றாவதை எல்லோரும் தாண்டிவிடுகிறார்கள்: மாணவி சொல்லச் சொல்ல நாம் செய்வது. ஸ்கில் லேபில் இதைச் செய்துவிட்டால், அவள் மனதில் செய்முறையின் எந்தப் படி இல்லை என்பது மேனிக்கின் (பயிற்சி பொம்மை) முன்னாலேயே தெரிந்துவிடும்.

புதியவர் தேர்ந்த நர்ஸாக வளர்வதைப் பற்றி பென்னர் 1984இல் சொன்ன ஐந்து நிலைகளை ஒப்பிக்காதீர்கள். முதல் வருட மாணவிக்கு விதி வேண்டும், இறுதி வருட மாணவியிடம் "உனக்கு என்ன தோணுது?" என்று கேட்கலாம். இந்த வித்தியாசத்தை வைவாவில் சொல்லத் தெரிந்தால் போதும். "கற்பிப்பதில் நீங்கள் எந்த நிலை?" என்று என்னைக் கேட்டார்கள். வார்டில் தேர்ந்தவர் என்பதற்காகக் கற்பிப்பதிலும் தேர்ந்தவர் ஆகிவிடமாட்டார் என்பதால் "தொடக்க நிலை தாண்டியவள்" என்றேன்.

வைவாவுக்கு முந்தின வாரம்:

- ஃபிலாசஃபியை ஒரு ஸ்டாஃப் நர்ஸிடம் படித்துக் காட்டுங்கள். அவருக்குப் புரியாத வரி தேர்வாளருக்கும் வேண்டாம்.
- ஃபீட்பேக் பற்றிய பதில்: அதே டியூட்டியில், தனியாக, ஒரே ஒரு விஷயம்.
- மதிப்பெண் போடும் நாள் எது, கற்கும் நாள் எது என்று மாணவிகளுக்கு முன்பே சொல்வீர்களா என்று கேட்பார்கள். "ஆம்" என்று சொல்லி, எந்த நாளில் எப்படிச் சொல்வீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.