மூக்குத்திக்கு மேல் ஒரு மாஸ்க்

எனக்கு ஸ்லீப் ஆப்னியா, அதாவது தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் நோய். அதற்காக, மாஸ்க் வழியாகக் காற்றைத் தள்ளும் சிபாப் மிஷின் வீட்டுக்கு வந்த முதல் வாரம் நான் தூங்கவில்லை, சும்மா படுத்திருந்தேன். இப்போது மாஸ்க் இல்லாமல் மதியம் கொஞ்சம் கண் அசந்தாலே எழுந்திருக்கும்போது தலை பாரமாக இருக்கிறது. ஆசையாக வாங்கிவிட்டு, 'நமக்கு இது ஒத்துவராது' என்று மிஷினை அலமாரிக்குள் ஏற்றி வைத்திருக்கும் யாருக்காவது உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் திருநெல்வேலியில் பள்ளி ஆசிரியை. ஐம்பதைத் தாண்டியாயிற்று. காலையில் எழும்போதே தலைவலி, தொண்டை வறண்டு கிடக்கும். ராத்திரி பாத்ரூமுக்கு நடந்து மாளாது. இரண்டு மாத்திரை போட்டும் பிரஷர் இறங்கவில்லை. மாதவிடாய் நின்ற வயசு, தைராய்டு, வேலைச் சுமை என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். குறட்டையைப் பற்றி நான் எந்த டாக்டரிடமும் வாயே திறக்கவில்லை. ஆம்பளை குறட்டை விட்டால் வீட்டில் கேலி பேசிச் சிரிப்பார்கள், பொம்பளை விட்டால் அது வெளியே சொல்லக்கூடாத சமாச்சாரம். கடைசியில் எங்கள் வீட்டுக்காரர்தான் அதை போனில் பதிவு செய்து நுரையீரல் மருத்துவரிடம் போட்டுக் காட்டினார். சத்தம் ஏறிக்கொண்டே போகிறது, சட்டென்று நிற்கிறது. கொஞ்ச நேரம் ஒன்றுமே இல்லை. பிறகு ஒரு திணறல், மறுபடி குறட்டை. டாக்டர் அதுவரைதான் கேட்டார், உடனே டெஸ்ட் எழுதிவிட்டார். பெண்கள் பெரும்பாலும் குறட்டை என்று வருவதில்லை, அசதி, தலைவலி, தூக்கமில்லை என்றுதான் வருகிறார்கள், அதனாலேயே நிறையப் பேருக்கு இது பிடிபடாமல் போகிறது என்றார். மாதவிடாய் நின்ற பிறகு இது வரும் வாய்ப்பும் கூடுகிறதாம்.

ஸ்லீப் டெஸ்ட் பெரிய விஷயமில்லை. தலையில் பசை தடவி வயர், நெஞ்சிலும் வயிற்றிலும் பெல்ட், மூக்கில் சின்னக் குழாய், விரலில் கிளிப். இத்தனையோடும் தூக்கம் வருமா என்று நினைப்பீர்கள், வந்துவிடும். ரிப்போர்ட்டில் ஏஹெச்ஐ 38. அதாவது ஒரு மணி நேரத்துக்கு 38 தடவை, ஒவ்வொரு தடவையும் குறைந்தது 10 வினாடி, மூச்சு நின்றிருக்கிறது அல்லது வெகுவாகக் குறைந்திருக்கிறது. 30-க்கு மேல் போனால் தீவிரம் என்று கணக்கு.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் தெருவில் 'டீச்சர் வீட்டில் ஆக்சிஜன் வச்சிருக்காங்களாம்' என்று பேச்சு பரவி, பக்கத்து வீட்டு அக்கா பழத்தோடு பார்க்க வந்துவிட்டார். இது ஆக்சிஜன் கிடையாது. அறைக் காற்றைத்தான் கொஞ்சம் அழுத்தத்தோடு மூக்குக்குள் தள்ளுகிறது. தூக்கத்தில் தளர்ந்து அடைத்துக்கொள்கிற தொண்டையை அந்தக் காற்று அடைக்க விடாமல் திறந்து வைக்கிறது. அவ்வளவுதான் அதன் வேலை.

முதலில் கொடுத்தது மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் பெரிய மாஸ்க். விளக்கை அணைத்ததும் நெஞ்சு படபடத்தது. பிடுங்கி எறிந்துவிட்டு எழுந்து உட்கார்ந்தேன். அன்றைக்குத் தூக்கம் வராமல் போனில் படித்ததுதான் கொஞ்சம் தெம்பு கொடுத்தது. காலின் சல்லிவன் என்ற ஆஸ்திரேலிய மருத்துவர் 1981-ல் இந்த வைத்தியத்தை லான்செட் இதழில் எழுதியிருக்கிறார். அதற்கு முன்னால் நோய் முற்றியவர்களுக்குக் கழுத்தில் துளை போடுவதுதான் வழி. ஆரம்ப காலத்தில் மாஸ்க்கை ராத்திரிக்கு ராத்திரி பசை போட்டு மூக்கில் ஒட்டுவார்களாம். நமக்கு வெல்க்ரோ பட்டைதானே, போகட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

டெக்னீஷியன் தம்பி சொன்ன யோசனை எனக்குப் பலித்தது. "அம்மா, ராத்திரி தூங்கும்போது பழக வேண்டாம். பகல்ல முழிச்சிருக்கும்போது பழகுங்க" என்றார். சாயங்காலம் சீரியல் பார்க்கும்போது மிஷினில் மாட்டாமல் வெறும் மாஸ்க்கை மட்டும் முகத்தில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அப்புறம் பட்டையைப் போட்டு, அதற்கப்புறம் காற்றை விட்டு. பரீட்சைப் பேப்பர்கூட மாஸ்க்கோடு திருத்தியிருக்கிறேன். பிறகு ஞாயிற்றுக்கிழமை மதியத் தூக்கம். ராத்திரிக்கு வரும்போது படபடப்பு பாதி குறைந்திருந்தது.

ஆனால் மூச்சு போதவில்லை என்ற உணர்வு போகவில்லை. மிஷினில் ரேம்ப் என்று ஒன்று உண்டு. அழுத்தம் 4-ல் ஆரம்பித்து, நாம் தூங்கத் தூங்க மெல்ல ஏறும். குறைவாக இருந்தால் இதமாக இருக்கும் என்றுதானே தோன்றும்? எனக்கு அந்த 4-தான் மூச்சு முட்டியது. ஆரம்பத்தை 6 ஆக்கியதும் சரியாகிவிட்டது. மூச்சை வெளியே விடும்போது அழுத்தம் சற்றுத் தணிகிற வசதியையும் அந்தத் தம்பி போட்டுக் கொடுத்தார். இரண்டுமே பட்டனில் ஒரு நிமிட வேலை. கேட்காமல் விட்டிருந்தால் மிஷின் இந்நேரம் பரணில் இருந்திருக்கும்.

இனி மூக்குத்தி. பெரிய மாஸ்க் வேண்டாம் என்றதும், மூக்குத் துவாரத்தில் பொருந்தும் சின்ன பில்லோ மாஸ்க்கைக் காட்டினார்கள். பார்க்க லட்சணமாக இருந்தது. மாட்டினால் சிலிக்கான் நுனி நேராக மூக்குத்தியின் திருகாணியில் போய் முட்டுகிறது. ஒரு பக்கம் வலி, இன்னொரு பக்கம் 'ஸ்ஸ்ஸ்' என்று கண்ணை நோக்கிக் காற்று. கழற்றி வைத்தால் என்ன என்று அம்மாவிடம் போனில் கேட்டேன். "ஏட்டி, ராத்திரி வெறும் மூக்கோடயா படுப்ப?" என்றுதான் பதில் வந்தது. எனக்கும் மனசு வரவில்லை, தவிர துளை தூர்ந்துவிடும் என்ற பயமும் இருந்தது. கடைசியில் மூக்கை மட்டும் கூடாரமாக மூடும் நேசல் மாஸ்க்தான் அமைந்தது. ஏழு கல் பேசரியைக் கழற்றிவிட்டு ஒற்றைக்கல் போட்டேன். கல் கூடாரத்துக்கு உள்ளே இருந்துகொள்கிறது, விளிம்பு அதற்கு வெளியே கன்னத்தில் படிகிறது. கடையில் உட்கார்ந்தபடி போட்டுப் பார்ப்பது போதாது. படுத்து, காற்றை ஓட விட்டு, ஒருக்களித்துப் பார்க்க வேண்டும். படுத்தால் முகத்தின் சதை இடம் மாறுகிறது, கடையில் பொருந்தியது கட்டிலில் பொருந்துவதில்லை.

காற்று கசிந்தால் பட்டையை இறுக்கத்தான் கை போகும். இறுக்கினால் சிலிக்கான் மடங்கி இன்னும் கசியும், மூக்குத் தண்டில் சிவப்பாகத் தடமும் விழும். தளர்த்தி, மாஸ்க்கை முகத்திலிருந்து லேசாகத் தூக்கி மறுபடி உட்கார வைத்தால் அதுவே படிந்துகொள்கிறது. நிமிடத்துக்கு 24 லிட்டருக்குள் லீக் இருந்தால் என் மிஷினுக்குப் போதும். அது வரவில்லை என்றால் நான் முதலில் பார்ப்பது எண்ணெய். தேங்காய் எண்ணெய் வைத்த தலையில் பட்டை வழுக்கும், எண்ணெய் வழியும் முகத்தில் சிலிக்கான் நகரும். படுக்கும் முன் சோப்புப் போட்டு முகம் கழுவிவிடுகிறேன். கொண்டையும் ஆகாது, பட்டையை மேலே தள்ளிவிடும். தளர்வாகப் பின்னி முன்பக்கம் போட்டுக்கொள்கிறேன்.

தலையில் வைத்த பிச்சிப்பூவை எடுத்து வழக்கம்போல் கட்டில் பக்கத்து ஸ்டூலில், மிஷினுக்கு அருகில் வைத்தேன் ஒரு நாள். மிஷின் இழுப்பது அங்கிருக்கும் காற்றைத்தானே! ஃபில்டர் தூசியைத் தடுக்கும், மணத்தை விட்டுவிடும். ராத்திரி முழுக்க மூக்குக்குள் பிச்சிப்பூ, விடியும்போது தலைவலி. கொசுவர்த்திக்கும் சாம்பிராணிக்கும் இதே கதைதான், அந்த அறையில் இப்போது கொசுவலை.

தண்ணீர் விஷயத்தில், காற்றுக்கு ஈரமூட்டும் ஹியூமிடிஃபையர் தொட்டிக்கு டிஸ்டில்டு வாட்டர்தான். எங்கள் ஊர்க் குழாய்த் தண்ணீரைக் காய்ச்சி ஊற்றினாலும் அடியில் வெள்ளையாக உப்புப் படியும். ஏசி ஓடும் நாளில் ட்யூபுக்குள் ஈரம் வேர்த்து, மூக்கில் சொட்டும். ட்யூபைப் போர்வைக்குள் விட்டு, மிஷினைத் தலைமட்டத்துக்குக் கீழே வைத்தபின் அது நின்றது. இன்வெர்ட்டர் இருப்பவர்கள் கரண்ட் போனால் ஹியூமிடிஃபையர் சூட்டை அணைத்துவிடுங்கள், அதுதான் மின்சாரத்தை அதிகம் குடிக்கிறது.

மாஸ்க்கோடு பேசக் கூடாது. வாயைத் திறந்தால் மூக்கில் போன காற்று வாய் வழியாக வெளியே அடிக்கிறது. கதவு தாழ்ப்பாள் போட்டாச்சா, பால் பிரிட்ஜில் வச்சாச்சா என்று படுத்தபிறகு நினைவு வருகிற ஆள் நான். இப்போது மாட்டுவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டியிருக்கிறது. வீட்டுக்காரருக்கு இதில் ஏக சந்தோஷம். ஆரம்பத்தில் காற்றை விழுங்கி, காலையில் வயிறு உப்பி ஏப்பமாக வந்துகொண்டிருந்தது. டாக்டர் அழுத்தத்தின் உச்சவரம்பைக் குறைத்து, தலைப்பக்கம் உயர்த்திப் படுக்கச் சொன்னார், குறைந்தது. தூக்கத்தில் என்னை அறியாமல் கழற்றி வைத்துவிடும் பழக்கம்தான் கடைசிவரை இழுத்தடித்தது. எப்போது விழிப்பு வருகிறதோ அப்போது மறுபடி மாட்டுவது என்று வைத்துக்கொண்டேன். கொஞ்சம் கொஞ்சமாக அந்த நேரம் விடியற்காலைக்குத் தள்ளிப் போய், பிறகு அலாரம் அடிக்கும்வரை மாஸ்க் முகத்திலேயே இருந்தது.

ஒரே ராத்திரியில் எல்லாம் மாறும் என்று எதிர்பார்க்காதீர்கள். பாத்ரூமுக்கு எழுவது சீக்கிரமே நின்றது, தலைவலியும் போனது. பகல் அசதி மாதக்கணக்கில் எடுத்துக்கொண்டது. இப்போது மிஷின் காட்டும் ஏஹெச்ஐ 3 பக்கம் நிற்கிறது. பிரஷர் மாத்திரையில் ஒன்றை டாக்டர் நிறுத்தியிருக்கிறார். மற்றது தொடர்கிறது, நானாக எதையும் விடவில்லை.

பழத்தோடு வந்த அக்காவின் தம்பிக்கும் இப்போது டெஸ்ட் எழுதியிருக்கிறார்களாம். அழுத்தத்தைத் தானே கூட்டிக் குறைத்துக்கொள்ளும் ஆட்டோ மிஷின் எனக்கு 50,000 ரூபாய் பக்கம் ஆனது என்றதும் அக்கா திகைத்துவிட்டார். மாத வாடகைக்கும் கிடைக்கிறது, முதலில் அப்படி எடுத்துப் பார்க்கட்டும், ஆனால் மாஸ்க்கை மட்டும் புதிதாகச் சொந்தமாக வாங்கச் சொல்லுங்கள் என்றேன். அவர் தம்பிக்கு அடர்ந்த தாடி வேறு. அதில் சிலிக்கான் எப்படிப் படியும் என்று தெரியவில்லை, கடையில் படுத்துப் பார்த்துவிட்டுத்தான் காசு கொடுக்க வேண்டும்.