வர்க்கமூலம் எடுக்க முன் எண்ணுங்கள்

உயர்தர உயிரியலில் ஹாடி–வைன்பேர்க் கணக்கு (ஒரு குடித்தொகையில் மரபணுவின் மாற்று வடிவங்களான எதிருருக்களின் பங்கைக் காணும் கணக்கு) வந்தால் பிள்ளைகளின் கை முதலில் வர்க்கமூலத்துக்குத்தான் போகிறது. வெள்ளவத்தை டியூஷன் கொப்பிகளைப் புரட்டினால் தரவு எதுவானாலும் கியூ²-இல்தான் தொடக்கம். பி, கியூ என்பவை இரு எதிருருக்களின் பங்குகள்; எழுமாறாகப் புணரும் குடித்தொகை சமநிலையில் இருந்தால் மூன்று வகையினரின் பங்குகள் பி², 2பிகியூ, கியூ². இந்தப் பழக்கத்தை விட வேண்டும். இதரநுகத்தை (இரு வேறு எதிருருக்கள் உள்ளவரை) ஆட்சியான ஓரினநுகத்திலிருந்து (ஆட்சி எதிருரு இரண்டு உள்ளவரிலிருந்து) பிரித்தறிய முடியாதபோது மட்டுமே வர்க்கமூலம் தேவை. மூன்று பிறப்புரிமையமைப்புகளின் (எதிருருச் சோடிகளின்) எண்ணிக்கையும் தெரிந்தால் எதிருருக்களை எண்ணினாலே போதும். குடித்தொகை சமநிலையில் இல்லாவிட்டாலும் அந்த விடை சரிதான்.

எம்–என் குருதி வகையை எடுப்போம். இரண்டு எதிருருக்களும் வெளிப்படுவதால் மூன்று வகையும் தனித்தனியே தெரியும். பயிற்சிக்கு 200 பேர் என்று வைப்போம்: எம்எம் 66, எம்என் 88, என்என் 46. ஆளுக்கு இரண்டு எதிருரு, மொத்தம் 400. எம் எதிருரு 66 × 2 + 88 = 220. ஆகவே பி = 220/400 = 0.55, கியூ = 0.45.

இதே தரவில் வர்க்கமூலம் எடுத்துப் பாருங்கள். √0.33 = 0.574, √0.23 = 0.480. கூட்டினால் 1.054! சமநிலை இருப்பதாக முன்கூட்டியே எடுத்துக்கொண்டதன் விளைவு இது.

சமநிலையைச் சோதிக்க, எண்ணிப் பெற்ற பி, கியூவைப் பி² + 2பிகியூ + கியூ²-இல் இட்டு 200-ஆல் பெருக்குங்கள். எதிர்பார்த்தவை 60.5, 99, 40.5. வித்தியாசத்தின் வர்க்கத்தை எதிர்பார்த்த எண்ணால் வகுத்துக் கூட்டினால் வருவதே கை வர்க்கம் (χ²): 0.50 + 1.22 + 0.75 = 2.47. சுயாதீனப்படி (சுதந்திரமாக மாறக்கூடிய வகுப்புகளின் எண்ணிக்கை) 2 அல்ல, 1. மூன்று வகுப்புகளில் ஒன்று மொத்தத்துக்கும் இன்னொன்று தரவிலிருந்தே பெற்ற பிக்கும் போய்விடும். 5% மட்டத்தில் எல்லை 3.84, ஆகவே சமநிலையை நிராகரிக்க ஆதாரம் இல்லை. சதவீதத்தை இட்டுக் கை வர்க்கம் போட்டால் விடை கெடும். ஆட்களின் எண்ணிக்கையே வேண்டும்.

பின்னிடைவு நோயில் (நோய் எதிருரு இரண்டு இருந்தால் மட்டுமே வரும் நோயில்) வர்க்கமூலத்தை விட வேறு வழியில்லை. 10,000 பேரில் ஒருவருக்கு நோய் என்றால் கியூ² = 0.0001, கியூ = 0.01, காவிகள் (நோயின்றி ஒரு நோய் எதிருருவைச் சுமப்போர்) 2 × 0.99 × 0.01 = 0.0198. நோயாளி ஒருவருக்குக் காவிகள் ஏறக்குறைய 198 பேர். சதவீதமாகத் தந்தால் முதலில் தசமமாக்குங்கள். கியூ² 16% என்றால் கியூ 4 அல்ல, 0.4. அதே கியூ 0.4-இல் இன்னொரு பொறியும் உண்டு. ஆட்சித் தோற்றமுள்ளோரில் இதரநுகத்தினர் எத்தனை பங்கு என்று கேட்டால் விடை 0.48 அல்ல, 0.48/0.84 = 0.57. இப்படிப்பட்ட தரவை வைத்துச் சமநிலையைச் சோதிக்கவே முடியாது. எந்த விகிதத்துக்கும் ஒரு கியூ பொருந்திவிடும்.

செய்முறைத் திட்டத்துக்குக் கொழும்பு முழுவதையும் ஒரே குடித்தொகையாக எடுப்பவர்கள் கவனிக்க. தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள், மலாயர், பறங்கியர் பெரும்பாலும் தத்தம் சமூகத்துக்குள்ளேயே மணம் முடிப்பதால் புணர்ச்சி எழுமாறானதல்ல. பி 0.8 உள்ள ஒரு குழுவையும் 0.2 உள்ள இன்னொன்றையும் சம அளவில் கலந்தால் பி 0.5 ஆகும், இதரநுகம் 0.5 என எதிர்பார்ப்போம், உண்மையில் இருப்பது 0.32. ஒவ்வொரு குழுவும் தனியே சரியான சமநிலையில் இருந்தாலும் இப்படித்தான் வரும். குழுவாரியாகப் பிரித்துக் கணக்கிடுங்கள். பிரித்த பிறகும் இதரநுகக் குறைவு தொடர்ந்தால், ஆய்வுகூடத்தில் இதரநுகத்தின் ஓர் எதிருரு தவறிப்போய் ஓரினநுகமாகப் பதிவானதா என்று பாருங்கள்.

நம்மவர் மச்சான்–மச்சாள் கலியாணமும் இங்கே கணக்கில் வரும். உடன்பிறந்தோரின் பிள்ளைகள் மணந்தால் அவர்களது பிள்ளைக்கு உட்பெருக்கக் குணகம் (ஒரே மூதாதையின் ஒரே எதிருரு இருவழியிலும் வந்து சேரும் நிகழ்தகவு) 1/16. நோய் நிகழ்தகவு கியூ² + பிகியூ/16. மேலே பார்த்த கியூ 0.01-க்கு 0.0001 + 0.00062 = 0.00072, அதாவது ஏழு மடங்கு. குடித்தொகையில் எதிருரு மீடிறன் (எதிருருவின் பங்கு) மட்டும் அதே 0.01-இல்தான் நிற்கும்.