ஆனியில் உப்பேறிய கிணறு

மே 20

இன்றைக்கு ரோனு பிறந்துவிட்டது. மாலத்தீவில் வருஷத்தை 27 நகைய்களாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள்; ஒவ்வொன்றும் 13 அல்லது 14 நாள். புருனு, கெதி, ரோனு, அதா... பரணி, கார்த்திகை, ரோகிணி, திருவாதிரை! முதல்முறை கேட்டபோது எனக்குச் சிலிர்த்தது. எப்போது காற்று மாறும், எப்போது தோணியைக் கரையேற்ற வேண்டும் என்பதெல்லாம் இந்தக் கணக்கில்தான்.

"இப்போதெல்லாம் நகைய் சொல்கிற நாளில் மழை வருவதில்லை டீச்சர்" என்றார் வீட்டுக்கார தத்தா. (இங்கே தத்தா என்றால் அக்கா.) பேசிக்கொண்டே மழைநீர்த் தொட்டியை மேலிருந்து கீழாக விரலால் தட்டினார். பாதிக்குக் கீழே வந்த பிறகுதான் ஓசை கனத்தது. குடிக்க, சமைக்க எல்லாம் அந்தத் தண்ணீர்தான்.

ஜூன் 6

குளிக்கவும் துவைக்கவும் கிணறு. ஆளுயரம்கூட ஆழமில்லை, நீண்ட கம்பில் கட்டிய டின்னால் மொண்டுகொள்ளலாம். ஆறோ ஏரியோ இல்லாத தீவில் இந்த நீர் எங்கிருந்து வருகிறது என்று பிள்ளைகளுக்கு இன்று பாடம் நடத்தினேன். மணலில் இறங்கும் மழைநீர், உப்புநீரைவிட லேசானது என்பதால், அடியிலுள்ள கடல்நீரின் மேல் வில்லைபோல மிதக்கிறது. தீவு எவ்வளவு சிறியதோ, வில்லையும் அவ்வளவு மெல்லியது.

மாலத்தீவு என்றாலே கடலில் மூழ்கப்போகும் நாடு என்றுதான் ஊரில் பேசுகிறார்கள். இந்நாட்டின் நிலத்தில் 80 சதவீதம் கடல்மட்டத்திலிருந்து 1 மீட்டர் உயரம்கூட இல்லை என்பது உண்மைதான். ஆனால் தீவு மூழ்குவதற்கு வெகுகாலம் முன்பே கிணறு கெட்டுவிடும். ராமநாதபுரத்தில் பிறந்த எனக்கு இது சொல்லாமலே புரிகிறது. நல்ல தண்ணீர் போனால் ஊர் போச்சு.

ஜூன் 28

நேற்று உதா வந்தது. தூரத்துக் கடலில் கிளம்பும் பேரலை, கடல்மட்டம் உயரும் பெருக்கு நேரத்தில் கரையேறினால் அதற்கு இங்கே உதா என்று பெயர். மழையும் இல்லை, புயலும் இல்லை. விடியற்காலையில் வாசலில் சலசலப்புக் கேட்டுக் கதவைத் திறந்தால் கெண்டைக்கால் வரை தண்ணீர். தத்தா முதலில் ஓடியது தொட்டியிடம். மூடியின் மேல் பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டுக் கயிற்றால் இறுக்கிவிட்டுத்தான் அரிசி மூட்டையைத் தூக்கினார்.

மாலையில் வடிந்தது. கிணற்று நீரில் கை கழுவினேன். சோப்பு நுரைக்கவே இல்லை.

ஜூன் 29

மோட்டார் வைத்துக் கிணற்றை இறைத்துவிடலாம் என்று இளைஞர்கள் கிளம்பினார்கள். அடுத்த வீட்டுப் பெரியவர் விடவில்லை. 2004 சுனாமியைக் கண்டவர் அவர். ஓங்கி இறைத்தால் அடியிலிருக்கும் உப்புநீர்தான் மேலே ஏறும், மழை கழுவட்டும் என்றார். அவர் சொன்னதே சரி. பொறுத்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்றும் அவருக்குத் தெரியும். அந்த சுனாமியில் சிதைந்த கண்டோல்ஹுதூ தீவின் மக்கள், ஏறத்தாழ 4,000 பேர், ஊரையே விட்டு துவாஃபாரு என்ற வேறு தீவுக்குக் குடிபெயர வேண்டியிருந்தது.

வாழை இலைகளின் ஓரம் கருக ஆரம்பித்துவிட்டது.

ஜூலை 4

கடல்சுவர் வேண்டும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். 1987இல் தலைநகர் மாலேவைத் தாக்கிய பேரலைகளுக்குப் பிறகு, ஜப்பான் உதவியில் அதைச் சுற்றி நாற்கால் கான்கிரீட் கட்டைகளை அடுக்கினார்கள். மண் கொட்டி உயர்த்திய ஹுல்ஹுமாலே தீவு கடலுக்கு மேல் சுமார் 2 மீட்டரில் நிற்கிறது. சில நூறு பேர் வாழும் தீவுக்கு அந்த அளவு பணம் எங்கிருந்து வரும்? சுவர் வந்தாலும் மணலுக்கு அடியில் வரும் உப்பைத் தடுக்காது. கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை நல்லதுதான், ஆனால் அதை மட்டுமே நம்பக்கூடாது. 2014 டிசம்பரில் மாலேயின் ஆலையில் தீப்பிடித்தபோது 1 லட்சம் பேருக்கு மேல் தண்ணீரில்லாமல் தவித்தார்கள். இந்தியா விமானத்திலும் கப்பலிலும் அனுப்பியது.

ஜூலை 11

மூன்று ராத்திரி நல்ல மழை. தொட்டி நிரம்பி வழிந்து, தண்ணீர் தெருவில் ஓடியது. பார்க்கப் பொறுக்கவில்லை. 2003இல் தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது அப்பா கூரைக் குழாயைக் கிணற்றடிக்குத் திருப்பியதை தத்தாவிடம் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய் ஒரு பழைய பிவிசி குழாயோடு வந்தார்.

கிணற்றை ஒட்டிக் குழி தோண்டி, பவளக் கல்லும் மணலும் நிரப்பி, வழியும் நீரை அதில் விட்டோம். அப்புறம் இருவரும் கிணற்று நீரில் கை கழுவினோம். நுரை இன்னும் வரவில்லை. தத்தா சோப்பைக் கிணற்றுக் கட்டையிலேயே வைத்துவிட்டார்.