அண்டார்டிகா வேலைக்கு விண்ணப்பிக்கிறவங்க முதல்ல இனிஷியலைப் பாருங்க

காசிமேட்டில் விசைப்படகு எஞ்சின் பார்க்கிற ஆள் நான். இந்தக் குளிர்காலத்துக்கு அண்டார்டிகாவில் இருக்கும் இந்தியாவின் மைத்ரி ஆய்வு நிலையத்துக்கு மெக்கானிக்காகத் தேர்வாகியிருக்கிறேன். ஆள் எடுப்பது கோவாவில் இருக்கும் தேசிய துருவ ஆய்வு மையம். விஞ்ஞானிகள் மட்டும் இல்லை, வெல்டர், எலக்ட்ரீஷியன், சமையல்காரர் எல்லாரையும் எடுக்கிறார்கள்.

என்னைப் பாடாய்ப் படுத்தியது இனிஷியல். ஐடிஐ சான்றிதழில் பெயருக்கு முன்னால் ஒற்றை எழுத்து, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாகப் பின்னால். ரெண்டும் ஒரே ஆள்தான் என்று சான்று வாங்கத் தாலுகா ஆபீசுக்குப் போனேன். கிளார்க், "வெளிநாட்டு வேலைன்னா விசா காப்பி எங்கே?" என்றார். விசா கொடுக்க அங்கே அரசாங்கமே இல்லை சார், 1959இல் போட்ட ஒப்பந்தம் எல்லா நாட்டின் உரிமைக் கோரிக்கையையும் நிறுத்தி வைத்திருக்கிறது என்றேன். "அப்போ விசா வந்ததும் வாங்க" என்று அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்! கடைசியில் சிங்க முத்திரை போட்ட விளம்பரத்தைக் கலர் பிரிண்ட் எடுத்து நீட்டினேன். முத்திரையைப் பார்த்ததும் உட்காரச் சொன்னார்.

அனுபவச் சான்றிதழிலும் உஷாராக இருங்கள். எங்கள் ஒர்க்‌ஷாப் முதலாளி பில் புக்கில் "நல்ல பையன்" என்று எழுதிக் கொடுத்தார். சேர்ந்த தேதி, விலகிய தேதி, எந்த எஞ்சின், சீல், போன் நம்பர் எல்லாம் இருக்க வேண்டும்.

இன்டர்வியூ சுலபம். குளிரில் டீசல் மெழுகாகி ஃபில்டரை அடைத்தால் என்ன செய்வாய் என்று கேட்டார்கள். அப்புறம், ஏன் போக ஆசை என்றார்கள். தென் துருவத்துக்குப் போன பிரிட்டிஷ்காரர் ஸ்காட்டின் கதையைச் சொன்னேன். 1912இல் துருவத்திலிருந்து திரும்பும் வழியில் அவர் குழு சேமித்து வைத்திருந்த மண்ணெண்ணெய் டின்களில் எண்ணெய் குறைந்து கிடந்தது. மூடியின் தோல் வாஷர் குளிரில் கெட்டுக் கசிந்திருக்கிறது. அவருக்கு முன்பே, 1911 டிசம்பர் 14 அன்று துருவம் தொட்ட நார்வேக்காரர் ஆமுண்ட்சென், டின்களைச் சால்டர் வைத்து அடைத்திருந்தார். ஒரு வாஷர் சார்! படித்ததிலிருந்து அந்த ஊரை நேரில் பார்க்காமல் இருக்க முடியவில்லை என்றேன். சிரித்தார்கள்.

டெல்லியில் மெடிக்கல், உத்தராகண்ட் மலையில் ஆவ்லி பனியில் பயிற்சி, ரெண்டும் பிரச்சினை இல்லாமல் முடிந்தது. பல்லை மட்டும் ராயபுரத்திலேயே காட்டிவிட்டுப் போங்கள். குளிர்காலம் தொடங்கிவிட்டால் மாதக்கணக்கில் வெளியே வர வழியில்லை. எனக்குக் கடைவாய்ப் பல் ஒன்று போயாச்சு.