திடீரென நிறுத்தக் கூடாத மாத்திரை

என் பெரியம்மா முடக்குவாதத்திற்காக ஓராண்டுக்கும் மேலாக நாள்தோறும் பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டு வந்தார். முகம் உப்பிவிட்டதே என்று உறவினர் ஒருவர் சொன்னதைக் கேட்டு, மருத்துவரிடம் கலந்தாலோசிக்காமலேயே அதை ஒரேயடியாக நிறுத்திவிட்டார். நான்காம் நாள் வாந்தியும் கிறுகிறுப்பும் வந்து, எழுந்து நிற்க முடியாத அளவுக்கு இரத்த அழுத்தம் இறங்கியது. அட்ரீனல் சுரப்பியைப் பற்றி நான் தேடிப் படிக்கத் தொடங்கியது அதன் பிறகுதான்.

சிறுநீரகங்களின் உச்சியில் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் இச்சுரப்பிகள் ஒவ்வொன்றும் 4 அல்லது 5 கிராம் எடைதான் இருக்கும். இவற்றின் புறணி, அதாவது வெளிப்பகுதி, நாம் பகையாகவே பார்த்துப் பழகிய கொலஸ்ட்ராலை மூலப்பொருளாகக் கொண்டு ஸ்டீராய்டு ஹார்மோன்களை உருவாக்குகிறது. புறணியின் வெளியடுக்கில் சுரக்கும் ஆல்டோஸ்டீரோன், சிறுநீரில் உப்பு வீணாகாமல் காத்துப் பொட்டாசியத்தை வெளியேற்றுகிறது. உள்ளடுக்கு ஆண்பால் ஹார்மோன்களின் முன்னோடிகளைத் தருகிறது. நடுவடுக்கின் கார்ட்டிசோல்தான் பெரியம்மாவின் கதைக்கு உரியது.

நள்ளிரவில் மிகக் குறைந்திருக்கும் கார்ட்டிசோல், விடியும் நேரத்தில் நாம் கண் விழிப்பதற்கு முன்பே ஏறத் தொடங்கிவிடுகிறது. பட்டினியில் கல்லீரலைக் கொண்டு குளுக்கோஸ் தயாரிக்க வைப்பதும், இரத்தக் குழாய்கள் தளர்ந்துவிடாமல் அழுத்தத்தைத் தாங்கச் செய்வதும், அழற்சியை அடக்குவதும் அதன் வேலைகள். இந்த அழற்சியடக்கும் குணம் வெளிப்பட்டது 1948இல்; அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் மருத்துவர் பிலிப் ஹென்ச் முடக்குவாத நோயாளி ஒருவருக்கு, உடலில் கார்ட்டிசோலாக மாறும் கார்ட்டிசோனைக் கொடுத்தார்; சில நாட்களிலேயே அவரால் நடக்க முடிந்தது. இந்த ஹார்மோன்களை ஆராய்ந்த வேதியியலாளர்கள் கெண்டல், ரைக்ஸ்டைன் ஆகியோருடன் ஹென்ச்சுக்கு 1950இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால் மாத்திரை வடிவில் ஸ்டீராய்டு தொடர்ந்து வந்துகொண்டிருந்தால், மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி, அட்ரீனலைத் தூண்டும் ஏசிடிஹெச் ஹார்மோனை அனுப்புவதைக் குறைத்துவிடுகிறது. தூண்டுதல் இல்லாத புறணி சுருங்கிப்போகிறது. அது மீண்டும் விழித்தெழ வாரங்கள், சிலருக்கு மாதங்கள் ஆகலாம். அதற்குள் மாத்திரையையும் பறித்துவிட்டால் உடலுக்குக் கார்ட்டிசோல் எங்கிருந்து வரும்? அதனால்தான் மருத்துவர்கள் அளவைப் படிப்படியாகக் குறைக்கிறார்கள். காய்ச்சலோ அறுவை சிகிச்சையோ வந்தால் கூட்டியும் கொடுக்கிறார்கள். இதை மருந்துச் சீட்டு எழுதும்போதே நோயாளிக்குப் புரியும்படி சொல்லிவிட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். பெரியம்மாவிடம் யாரும் சொல்லவில்லை.

இப்போது அவர் மருத்துவர் சொன்னபடி அளவைச் சிறிது சிறிதாகக் குறைத்து வருகிறார். ஸ்டீராய்டு எடுத்துக்கொள்பவர் என்று நான் எழுதிக் கொடுத்த அட்டை அவருடைய கைப்பையில் எப்போதும் இருக்கிறது.