எங்களுக்குப் பிறகு வருகிறவர்கள்

கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதியில் தமிழ்ச் சாப்பாட்டுக் கடை ஒன்றில் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். மாரிகாலச் சனிக்கிழமை பின்னேரம். கொத்துரொட்டி அடிக்கிற சத்தத்தில் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது. எனக்கு முன்னால் முதுகில் டெலிவரிப் பையோடு ஒரு பொடியன். தொப்பியும் மப்ளரும் போக அவனுடைய கண் மட்டும்தான் தெரிந்தது. பின்னால் நின்ற பெரியவர், நான் ஓமென்று சொல்வேன் என்ற நம்பிக்கையில், அந்தச் சத்தத்தையும் மீறிச் சொன்னார்: "பாருங்கோ பிள்ளை, இதுகள் வந்துதான் நாடு நாறிப்போச்சு. நாங்கள் வரேக்க இப்பிடியே இருந்தது?"

பொடியன் திரும்பினான். "ஐயா, உங்களுக்கு அவசரம்னா நீங்க முன்னாடி வாங்க. என் ஆர்டர் ரெடியாக இன்னும் நேரம் இருக்கு" என்றான். அச்சுப் பிசகாத தமிழ்நாட்டுத் தமிழ்.

பெரியவர் சுவரில் இருந்த விலைப்பட்டியலைப் படிக்கத் தொடங்கினார். நான் விடவில்லை. "நீங்கள் எப்ப வந்தனீங்கள் ஐயா?" என்று கேட்டேன். "எண்பத்தேழு" என்றார். அதற்குப் பிறகு எங்கள் இருவருக்கும் பேச்சில்லை.

அந்த எண்பத்தேழுதான் எனக்கு உறைத்தது. அதற்கு முந்தைய வருடம், 1986 ஆகஸ்டில், கனடாவின் கிழக்குக் கரையில் நியூபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர்கள் மிதந்தார்கள். கஸ் டால்ற்றன் என்ற மீன்பிடிக் கப்டனும் மற்ற மீனவர்களும் அவர்களை ஏற்றிக் கரைசேர்த்தார்கள். இந்தியாவிலிருந்து வந்ததாகச் சொன்னவர்கள் உண்மையில் ஜேர்மனியிலிருந்து புறப்பட்டவர்கள் என்பது பிறகு வெளியில் வந்தபோது, 'பொய் சொல்லிக்கொண்டு வந்தவர்களைத் திருப்பி அனுப்புங்கள்' என்று பெரிய கூச்சல். அப்போதைய பிரதமர் மல்ரோனி அவர்களைத் திருப்பவில்லை. வேலை செய்யும் அனுமதியும் கிடைத்தது. பெரியவர் வந்து இறங்கிய கனடா அந்தக் கூச்சல் அடங்காத கனடா. அவரைப் பார்த்தும் யாரோ ஒரு வெள்ளைக்காரர் இதே வசனத்தை ஆங்கிலத்தில் சொல்லியிருப்பார்.

இந்த நாடு எப்போதும் இப்படி இரண்டு மனசோடுதான் இருந்திருக்கிறது. 1914 இல் கொமகட்டா மாரு என்ற கப்பலில் வன்கூவர் வந்த 376 இந்தியர்களில் 24 பேரைத்தான் இறங்கவிட்டார்கள். இரண்டு மாதம் கடலில் வைத்திருந்துவிட்டு மற்றவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். அதே நாடுதான் 1971 இல் பல்பண்பாட்டை அரச கொள்கையாக அறிவித்தது, 1988 இல் அதைச் சட்டமாக்கியது. சன் சீ கப்பல் 2010 இல் 492 தமிழர்களோடு வந்தபோது பிள்ளைகளையும் தாய்மாரையும் கூடத் தடுப்பில் வைத்ததும் இதே நாடு. ஆறே வருடத்தில் தை மாதத்தைத் தமிழ் மரபுத் திங்களாக நாடாளுமன்றம் ஏற்றுக்கொண்டது. நல்ல காலத்தில் வந்தவனுக்குக் கெட்ட காலம் தெரிவதில்லை. கெட்ட காலத்தில் வந்தவனும் அதை மறந்துவிடுகிறான் என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மற்றபடி எனக்கு இந்த ஊர் பிடித்துவிட்டது. பக்கத்து வீட்டுப் பிலிப்பீன்ஸ் நேர்சும் என் மாமியும் சிநேகிதம். மாமிக்கு ஆங்கிலம் வராது, அவவுக்குத் தமிழ் வராது. ஆனால் மாமி தொட்டியில் வளர்க்கும் முருங்கையில் இரண்டு பேருக்கும் ஒரே கண். அவர்களும் அந்த இலையைச் சூப்பில் போடுகிறவர்களாம். ஒக்டோபர் பிறந்ததும் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தொட்டியை ஹோலுக்குள் இழுத்து வருகிற காட்சியைப் பார்த்தால் நாள் முழுக்கச் சிரிக்கலாம். குளிருக்கு இலை உதிர்ந்துவிட்டால் சாவீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி இரண்டு பேரும் மரத்துக்குக் கிட்ட நிற்பார்கள். ரொறன்ரோவில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் வேறு நாட்டில் பிறந்தவர்கள். இங்கே அந்நியமாக நிற்கிறேன் என்று எனக்குத் தோன்றுவதே இல்லை.

தோன்றுவதில்லை என்று எழுதும்போதே கை நிற்கிறது. அந்தத் தொட்டி முருங்கை யாழ்ப்பாணத்தில் எங்கள் தென்மராட்சி வீட்டின் கிணற்றடி முருங்கையைத்தான் கொண்டுவருகிறது. அதோடு 1995 ஒக்டோபர் கடைசியும் வருகிறது. யுத்தத்துக்குப் பயந்து, யாழ்ப்பாண நகரமும் அயலும் சேர்ந்த வலிகாமம் முழுக்க ஒரே இரவில் எழும்பி நாவற்குழிப் பாலத்தால் எங்கள் பக்கம் வந்தது. மழை. பள்ளிக்கூடம், கோயில், மாட்டுக்கொட்டில் எல்லாம் சனம். எங்கள் வளவுக்குள் முன்பின் தெரியாத குடும்பங்கள் கிடுகு கட்டிக்கொண்டு இருந்தன. நான் சின்னப்பிள்ளை, விளையாட ஆள் கிடைத்த சந்தோசம் எனக்கு.

அயலில் முணுமுணுப்பு எழுந்தது. தண்ணீர் கலங்குது, தேங்காய் களவு போகுது, கக்கூசுக்கு வரிசை, மரக்கறி விலை ஏறிப்போச்சு. ஒன்றும் பொய்யில்லை. கிணற்றில் வாளி விட்டால் சேறும் சேர்ந்துதான் வந்தது. அம்மம்மா கிணற்றுக்கட்டில் ஒரு பலகையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தா. காலமை குடிதண்ணிக்கு, மத்தியானம் சமையலுக்கு, குளிப்பு நாள் விட்டு நாள். எங்கள் வீட்டுக்காரருக்கும் அதே முறைதான். நான் தலைமுழுக அழுதபோது, "அந்தப் பிள்ளைக்கும் தலை இருக்கு" என்றா. யாரையும் படலைக்கு வெளியில் போகச் சொன்னதில்லை.

ஸ்காபரோவிலும் கிணறு கலங்கித்தான் இருக்கிறது. வீட்டு வாடகை தாங்க முடியவில்லை, குடும்ப வைத்தியர் கிடைப்பதில்லை. என்விரோனிக்ஸ் நிறுவனம் 2024 இல் எடுத்த கருத்துக்கணிப்பில் 58 வீதமானவர்கள் குடிவரவு அளவுக்கு மிஞ்சிவிட்டது என்றார்கள்; இரண்டு வருடத்துக்கு முன் அது 27 வீதம். அவர்கள் எல்லாரும் இனவாதிகள் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் முறை வைக்க வேண்டியவர்கள் எங்கே போனார்கள்? 2019 இல் எங்கள் ஒன்ராறியோ மாகாண அரசு கல்விக் கட்டணத்தைப் பத்து வீதம் குறைத்து, பிறகு ஏற்றவிடாமல் கட்டிப்போட்டது. கல்லூரிகள் அந்த ஓட்டையை வெளிநாட்டு மாணவர்களின் பணத்தால் அடைத்தன. வருகிறவர்கள் எங்கே படுப்பார்கள் என்று யாரும் கணக்குப் பார்க்கவில்லை. பிறகு 2024 தையில் மாணவர் அனுமதிக்கு உச்சவரம்பு. கையில் காட்ட வேண்டிய காசு, படிப்புக் கட்டணம் போக, 10,000 டொலரிலிருந்து 20,635 டொலராக ஏறியது. காணியை விற்று, நகையை அடகு வைத்து வந்த பொடியன் படிப்பு நடக்கிற காலத்தில் கிழமைக்கு 24 மணித்தியாலத்துக்கு மேல் வெளியில் வேலை செய்யக்கூடாது. பனிக்குள் சைக்கிளில் எங்கள் சாப்பாட்டைக் கொண்டுவருகிறவன் நாட்டைக் கெடுத்தானாம்.

வெள்ளைக்காரர் சொன்னால் கோபம் வரும், போய்விடும். எங்கள் ஆட்களின் வாயிலிருந்து வரும்போது நித்திரை வருவதில்லை. கலியாண வீட்டில், கோயில் மண்டபத்தில், பிறந்தநாள் விழாவில் இப்போது இதே கதைதான். "நாங்கள் அகதி, இதுகள் காசுக்கு வந்ததுகள்" என்று ஒரு புதுச் சாதிப் பிரிவினை. ஒரு அக்கா, வந்த புதிதில் ஒரே பேஸ்மென்றில் பத்துப் பேர் படுத்த கதையை விழுந்து விழுந்து சிரித்துச் சொன்னா. அதே மூச்சில், இந்தக் காலத்து மாணவர்கள் ஒரு அறைக்குள் ஆறு பேர் கிடக்கிறார்கள், அருவருப்பு என்றா. "அக்கா, உங்களோட படுத்த ஆக்களும் அந்த வயசுதானே?" என்று கேட்டேன். "அது வேற" என்றா. என்ன வேறு என்று இன்றுவரை சொல்லவில்லை.

எங்கள் வீட்டிலும் இப்போது பேஸ்மென்ற் காலியாக இருக்கிறது. தெரிந்தவர்கள் எல்லாரும் மாணவர்களுக்கு மட்டும் கொடுத்துவிடாதே என்கிறார்கள். நான் நேர்சிங் படிக்கிற இரண்டு பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன், ஒருத்தி கேரளா, மற்றவள் பஞ்சாப். முதலாம் திகதி வருகிறார்கள். வாடகை எவ்வளவு என்பதில்தான் எனக்கும் இவருக்கும் இன்னும் முடியவில்லை. ஊர்விலையை வாங்கு என்கிறார் இவர். கட்டணமும் கட்டி அந்தக் காசையும் கொடுக்க அவர்களால் ஏலாது என்கிறேன் நான். வீட்டுக்கடனைக் காட்டுகிறார், அதுவும் நியாயம்தான். சாப்பாட்டைச் சேர்த்துக் கொடுக்கலாம் என்று நேற்று மாமி நடுவில் புகுந்து ஒரு கணக்குச் சொன்னா. இன்றைக்கு இரவு அதைத்தான் பேசப்போகிறோம்.